உப்புப் போட்ட மண்

மண் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் என்று சொன்னவர்களில் ஒருவர்கூட மண்ணைக் கேட்டுவிட்டுச் சொன்னதில்லை. மேட்டுக்கண்டிகைக் கம்பெனியின் ரிப்பேர் ஹாலில், நாங்கள் குனிந்து உட்கார்ந்திருக்கும் பெஞ்சுகளுக்கு எதிர்ச்சுவரில், நீலப் பலகையில் மஞ்சள் எழுத்தில் ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்று எழுதி மாட்டியிருந்தார்கள். ஆளப்போகிற பூமி எது, அதில் எங்கள் பங்கு எத்தனை சென்ட் என்று மட்டும் எழுதவில்லை.

எங்கள் வேலை இதுதான். பச்சை சர்க்யூட் போர்டுகளின் மேல் மெஷின் சில்லுகளை வைக்கும், அடுப்பு அவற்றை ஒட்டவைக்கும், மெஷின் கோணலாக வைத்ததும் அடுப்பு சரியாக ஒட்டாததும் ட்ரே ட்ரேயாக எங்களிடம் வரும். கசகசா அளவுக்கு ஒரு சில்லு, அதற்கு இரண்டு பக்கமும் வெள்ளி முனை, அதை லென்ஸ் விளக்குக்குக் கீழே வைத்து, ஃபிளக்ஸ் என்கிற பிசினைத் தடவி, சூட்டுக்காற்று அடித்து, ஈயம் இளகும் நேரம் பார்த்து ட்வீசரால் தூக்கி, புதிதை வைத்து, ஊசி முனை சால்டரிங் அயர்னால் ஒரு தொடு தொட்டு எடுக்க வேண்டும். தூக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். மூச்சு விட்டால் சில்லு நகரும், இருமினால் பறந்தே போய்விடும், பறந்ததைத் தரையில் தேடிக் கண்டுபிடித்தவள் இன்னும் பிறக்கவில்லை. மூச்சை அடக்கத் தெரிந்த பெண்களாகப் பார்த்துத்தான் வேலைக்கு எடுத்தார்கள், ஆனால் அடக்கிய மூச்சை எங்கே போய் விடுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

எர்த் குழி தோண்டியது ஒரு பங்குனியில். அதற்கு முன்பும் எங்கள் மணிக்கட்டில் பட்டை இருந்தது. உடம்பில் ஏறுகிற ஸ்டாட்டிக் கரண்டு சில்லைக் கொன்றுவிடும், அதனால் ஆளை மண்ணோடு கட்டிவைக்க வேண்டும் என்பதற்காக மணிக்கட்டில் ஒரு பட்டை, பட்டையிலிருந்து சுருள் கம்பி, கம்பியிலிருந்து பெஞ்சு, பெஞ்சிலிருந்து பூமி. வெளியூரிலிருந்து சோதிக்க வந்தவர்கள் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனார்கள், அது பூமிக்குப் போகாமல் ஜன்னல் கம்பியில் போய் முடிச்சுப் போட்டுக்கொண்டு நின்றது. அத்தனை காலம் எங்களை ஜன்னலில் கட்டிவைத்திருந்தார்கள். மேனேஜர் முகுந்தன் சாருக்கு முகம் செத்துவிட்டது. மறுநாளே எலெக்ட்ரீஷியன் தயாளன் வந்து, காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஆள் உயரத்துக்கு மேல் தோண்டி, செப்புத் தகடு இறக்கி, கரி ஒரு வரிசை, கல்லுப்பு ஒரு வரிசை என்று நிரப்பினார்.

‘மண்ணு கரண்டை நல்லா வாங்கணும்னா உப்பு வேணும் சார்,’ என்றார் தயாளன். ‘தெனமும் தண்ணி ஊத்தணும்.’

‘ரெண்டு மடங்காப் போடுப்பா,’ என்றார் முகுந்தன் சார். ‘இனிமே ஒருத்தனும் என்னைக் கேள்வி கேக்கக் கூடாது.’

ரெண்டு மடங்கு போட்டார்கள். எங்கள் கேண்டீன் சாம்பாரில் உப்பு இருக்காது, ஆளாளுக்குக் கைக்குட்டை முனையில் முடிந்து கொண்டுவந்துதான் போட்டுக்கொள்வோம். மண்ணுக்கு மட்டும் மூட்டை மூட்டையாக இறங்கியது.

அந்த மண் செய்த வேலையை முதலில் கண்டவள் அம்சவேணி. அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். செய்யாற்றுப் பக்கத்துக்காரி, குடித்துவிட்டு வந்து கை நீட்டிய புருஷனைச் சோற்றுக் கரண்டியால் ஒரே ஒரு அடி அடித்துவிட்டு, கட்டிய சேலையோடு பஸ் ஏறியவள். பிறந்த வீட்டில் அவளுக்குப் போட்டது அண்டாவும் குத்துவிளக்கும், அதெல்லாம் அங்கேயே நின்றுவிட்டது. கோபம் ஒன்றுதான் அவள் கையோடு கொண்டுவந்த சீதனம், அதை வைத்துத்தான் அவள் பிழைத்தாள். பஸ்ஸில் உரசுகிறவன், வாடகை வீட்டில் எட்டிப்பார்க்கிறவன், எடையில் ஏமாற்றுகிறவன் எல்லோருக்கும் அவள் குரல் தெரியும்.

குழி மூடிய மறுநாள், பாத்ரூம் போய் வந்த நேரத்தை லைன் லீடர் எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொன்னபோது, அம்சவேணிக்கு வழக்கம்போல உச்சந்தலையில் சுருக்கென்றது. கோபம் கழுத்துக்கு இறங்கியது, தோளுக்கு வந்தது, வாய்க்குப் போக வேண்டியது வழி மாறி முழங்கைக்குப் போனது, மணிக்கட்டுக்கு வந்தது, பட்டைக்குள் நுழைந்து சுருள் கம்பி வழியாகச் சுற்றிச் சுற்றிக் கீழே போய்விட்டது. அவள் திறந்த வாயை மூடினாள். ‘சரிங்க சார்,’ என்றாள். நாங்கள் எல்லோரும் லென்ஸிலிருந்து நிமிர்ந்து அவளைப் பார்த்தோம். சாயங்காலத்துக்குள் எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் ஆனது. கோபம் போவது எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது, கையில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், பிறகு ஒன்றும் இருக்காது.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேளுங்கள். தலைமேல் வைத்துக் கொண்டாடியது! கம்பெனிக்குப் போகிற மருமகள் எதிர்த்துப் பேசுவதில்லை என்று மாமியார்கள் குழாயடியில் பெருமை பேசினார்கள். சோறு குழைந்துபோனாலும் குழம்பு காய்ந்துபோனாலும் தட்டை வீசுகிற உரிமை இனிமேல் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் என்பது புருஷன்மார்களுக்குப் பிடித்திருந்தது. கல்யாணத் தரகர்கள் ஷிப்ட் முடிகிற நேரத்தில் கேட்டுக்கு எதிரே வந்து நின்று, ‘எந்த ஹாலும்மா? பட்டை போடுற ஹாலா?’ என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். ஒருவன் பெண்டாட்டியின் பட்டையை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை பூராவும் அவளை ஃபிரிட்ஜின் எர்த் பின்னோடு கட்டிவைத்தான். கோயில் திருவிழாவில் கம்பெனிக்கு மரியாதை செய்தார்கள், எங்கள் பெண்களை அடக்க ஒடுக்கமாக மாற்றிக் கொடுத்ததற்காக என்று மைக்கில் சொன்னார்கள், அதைக் கேட்டு எங்களுக்கு வந்த கோபமும் திங்கட்கிழமை காலையில் கம்பி வழியாகப் போய்விட்டது.

எங்கே போனது என்று யாரும் யோசிக்கவில்லை. கீழே போனது கீழேயே கிடக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், பெண்களைப் பற்றி நினைப்பதைப் போலவே.

அம்சவேணியோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்தவள் பவானி, பக்கத்து பெஞ்சுக்காரி. கொக்கு மாதிரி ஒல்லியான பெண், எங்கள் ஹாலில் அவள் கைக்கு நிகரான கை கிடையாது. ஊரில் அவளுடைய தாய்மாமன் ஒருவன் இருந்தான், செங்கல் சூளைக்காரன், மூத்த தாரம் செத்தவன். ‘கம்பெனி வேலை இருக்கிற வரைக்கும் உன் இஷ்டம். வேலை போச்சுன்னா மாமனுக்குக் கழுத்தை நீட்டணும்,’ என்பது அவளைப் பெற்றவர்கள் போட்ட தீர்ப்பு. அவள் அந்த ட்வீசரைப் பிடித்துக்கொண்டிருந்தது சில்லைத் தூக்க மட்டும் அல்ல.

ஆடி மாதம் எக்ஸாஸ்ட் ஃபேன்கள் நின்றுபோயின. ஃபிளக்ஸில் சூடு பட்டால் புகை வரும், மரப்பிசின் வாசனையோடு வெள்ளையாக எழுந்து நேராக மூக்குக்குள் போகும், அதை இழுத்து வெளியே தள்ளத்தான் அந்த ஃபேன்கள். ஒரு ஃபேன் நின்றது, பிறகு எல்லாம் நின்றன, புகை ஹாலுக்குள்ளேயே குடித்தனம் பண்ணியது. எங்களுக்கெல்லாம் கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. பவானிக்கு நெஞ்சு இழுக்க ஆரம்பித்தது. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, இந்தப் புகையில் இன்னும் கொஞ்ச காலம் உட்கார்ந்தால் நுரையீரல் அவ்வளவுதான் என்றார். இருமி இருமிச் சில்லுகள் பறந்தன. ரிஜிஸ்டரில் அவள் பெயருக்கு நேரே வீணான சில்லுகளின் கணக்கு ஏறிக்கொண்டே போனது.

முகுந்தன் சார் கெட்டவர் இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆயுத பூஜைக்கு எல்லோருக்கும் பொரி தருவார், பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டே ஹாலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார்.

‘இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்? சாம்பிராணிப் புகை மாதிரிதானேம்மா இருக்கு. வெளிய பொம்பளைங்க காசு குடுத்துப் போட்டுக்கிறாங்க, உங்களுக்கு ஃப்ரீ. கூந்தலுக்கு ரொம்ப நல்லது!’

லைன் லீடர் சிரித்தான். எங்கள் அத்தனை பேர் மணிக்கட்டிலும் எறும்பு ஊர்ந்தது. அன்றைக்கு இறங்கியது கொஞ்சநஞ்சம் இல்லை, குழியின் மேல் மூடியிருந்த சிமென்ட் பலகை நடுவில் விரிசல் விட்டது, வெயிலில் விட்டது என்று பூசி மூடினார்கள்.

காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், குழிக்கு நேராக, பஞ்சாயத்துக் கைப்பம்பு ஒன்று இருக்கிறது. அதற்கு எதிரே முனிரத்தினத்தின் டீக்கடை. பரம சாது மனுஷன், கடன் சொல்லிப் போகிறவர்களிடம்கூட ‘வாங்க’ என்றுதான் சொல்வார். ஒருநாள் காலையில் லாரித் தண்ணீர் வராததால் கைப்பம்பில் அடித்து வைத்திருந்ததில் ஒரு சொம்பு குடித்தவர், எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்த தபால்காரரைப் பார்த்து, ‘பாத்ரூம் போறதுக்குக் கூட உன்கிட்ட டோக்கன் வாங்கணுமாடா? மாசத்துல மூணு நாளு எனக்கு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமாடா?’ என்று கத்தினார். தபால்காரர் எழுந்து ஓடிவிட்டார். கத்தி முடித்ததும் முனிரத்தினத்துக்கு உடம்பு லேசாகி, பசி எடுத்து, நாலு இட்லி சாப்பிட்டார்.

அவ்வளவுதான், ஊருக்குச் செய்தி போய்விட்டது. கைப்பம்புத் தண்ணீர் குடித்தால் கோபம் வரும், வந்த கோபம் சொம்புக்குத் தகுந்த நேரம் நிற்கும். இதைக் கேட்டு ஊர் மிரண்டுபோயிருக்கும் என்று நினைக்கிறீர்களா? வரிசை கட்டி நின்றது. ரேஷன் கடையில் அரிசி குறைத்துப் போடுகிறவனோடு சண்டை போட வேண்டியவர்கள் ஒரு டம்ளர், பங்காளியோடு வரப்புத் தகராறு உள்ளவர்கள் ஒரு சொம்பு, வட்டிக்காரன் வருகிற நாளில் குடும்பத்தோடு ஆளுக்கு ஒரு வாய். தாலுக்கா ஆபீஸுக்கு மனு கொடுக்கப் போகிறவர்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். ‘கம்பெனித் தண்ணி’ என்று அதற்குப் பெயரும் வைத்தாயிற்று. ஒன்றியச் செயலாளர் பொதுக்கூட்டத்தில் பேசுவதற்கு முன்னால் இரண்டு சொம்பு குடித்துவிட்டு மேடையேறினார், எதிர்க்கட்சியைத் திட்ட வாயைத் திறந்தவர், ‘புகை கண்ணை அவிக்குது, ஃபேனைப் போடுங்கடா பாவிங்களா! மூச்சு முட்டிச் சாகணுமா நாங்க?’ என்று முழங்கினார். கூட்டம் விசில் அடித்தது. அடுத்த தேர்தலில் ஃபேன் சின்னத்துக்கு மாறப்போகிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

இதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று எங்கள் கோபத்தை ஊரே அள்ளி அள்ளிப் பரிமாறிக்கொண்டது. வரப்புச் சண்டையில் ஒருத்தன் ‘உக்கார நாற்காலிக்கு முதுகு இல்லையே!’ என்று அழுதான், ரேஷன் கடையில் ஒருத்தி ‘என் ஓவர்டைமை எவன் தின்னான்?’ என்று கேட்டாள், எல்லோரும் கேட்டார்கள், எல்லோரும் சிரித்தார்கள், இது யாருடைய குரல், எங்கிருந்து வருகிறது, சுவருக்கு அந்தப் பக்கம் என்னதான் நடக்கிறது என்று ஒரு நாய்கூடக் கேட்கவில்லை. மேட்டுக்கண்டிகை முழுவதற்கும் ஃபேன் நின்றுபோனது தெரியும். மேட்டுக்கண்டிகை முழுவதும் டீ குடித்துக்கொண்டிருந்தது.

அம்சவேணி மூன்று முறை முகுந்தன் சாரிடம் போனாள்.

முதல் முறை அவர் ஹாலுக்கு வந்தபோது பெஞ்சிலிருந்தபடியே எழுந்து நின்றாள். ‘சார், பவானிக்கு...’ என்று ஆரம்பிக்கும்போதே கையில் எறும்பு ஊர்ந்தது. ‘சொல்லும்மா,’ என்றார் அவர். ‘ஒண்ணும் இல்ல சார், பரவால்ல சார்,’ என்று உட்கார்ந்துவிட்டாள். பட்டையைக் கழற்றினால் பெஞ்சில் சிவப்பு விளக்கு எரியும், லைன் நின்றுவிடும், நின்ற லைனுக்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது முறை சாப்பாட்டு நேரத்தில், பட்டை இல்லாமல், நேராக அவர் அறைக்கே போனாள். தனக்குள்ளே தேடித் தேடிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. புருஷனை அடித்த கை, பஸ்ஸையே அதிரவைத்த தொண்டை, எல்லாம் இருந்தன, இருக்க வேண்டிய கோபம்தான் இல்லை. அழுகைதான் வந்தது. முகுந்தன் சார் எழுந்து வந்து இரண்டு பிஸ்கட் கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டாள், அதுதான் கொடுமை, வாங்கித் தின்றுவிட்டு வந்தாள்.

மூன்றாவது முறை, ஷிப்டுக்கு முன்னால் கைப்பம்பில் ஒரு சொம்பு குடித்துவிட்டுக் கேட்டிலேயே அவரை மறித்தாள். கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. நாங்கள் எல்லோரும் சுற்றி வந்து நின்றோம். ‘உங்க அம்மாவுக்கு மூட்டு வலின்னா நான் என்ன பண்ணுவேன்? பத்து மணிநேரம் குனிஞ்சு உக்காந்துட்டு வந்து நான்தான் காலை அமுக்கணுமா?’ என்று கத்தினாள் அம்சவேணி. அவளுக்கு மாமியாரே கிடையாது. அது மூன்றாவது பெஞ்சு ஜோதிமணியின் கோபம், ஜோதிமணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். முகுந்தன் சார் செக்யூரிட்டியைப் பார்த்து, ‘இவங்களுக்கு மோர் வாங்கிக் குடுப்பா,’ என்றார்.

மண்ணில் போனது கலந்துவிடும் என்பதை நாங்கள் அப்போதுதான் புரிந்துகொண்டோம். அவரவர் போட்டதை அவரவர் எடுக்க முடியாது.

அன்று மத்தியானம் கேண்டீனில் உட்கார்ந்தோம். அம்சவேணி கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து சாம்பாரில் உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். பவானி அந்த உப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள், பார்த்துக்கொண்டே இழுத்து இழுத்துச் சொன்னாள்:

‘அந்த மண்ணுக்கு மூட்டை மூட்டையா உப்புப் போட்டாங்கல்லக்கா. உப்புப் போட்டுத் திங்குது, அதான் அதுக்கு சொரணை இருக்கு. வாங்கினதைத் திருப்பிக் குடுக்குது.’ கொஞ்சம் இருமினாள். ‘நாமளும் உப்புப் போட்டுத்தான் திங்கிறோம்.’

வேறு யாராவது சொல்லியிருந்தால் ஒரு பழமொழி என்று விட்டிருப்போம். இழுக்கிற மூச்சில் அதை அவள் சொன்னதால், கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டோம்.

அன்று சாயங்காலமே அவள் ட்வீசர் நுனியிலிருந்து வரிசையாகச் சில்லுகள் பறந்தன, பிறகு அவளே பெஞ்சில் சாய்ந்துவிட்டாள். முகுந்தன் சார் அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டார். அவள் வீட்டுக்குப் போன் போட்டு, ‘பொண்ணுக்கு உடம்புக்கு முடியல, வீட்டோட வெச்சுப் பார்த்துக்கோங்க. வந்து கூட்டிட்டுப் போங்க,’ என்றார். மாமன் காலையில் வருகிறான் என்றார்கள்.

காலையில் மாமன் வந்தான். புது வேட்டி கட்டிக்கொண்டு, பைக்கை கேட்டுக்கு உள்ளேயே கொண்டுவந்து நிறுத்தினான். பவானி செக்யூரிட்டி நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டித்தான் நாங்கள் உள்ளே போக வேண்டும். நாங்கள் அன்றைக்கு நேராக உள்ளே போகவில்லை, கைப்பம்புக்குப் போனோம். அம்சவேணி பம்பு அடித்தாள், ஒருத்தி பின்னால் ஒருத்தியாகக் குடித்தோம். யாருடைய கோபம் யாருக்கு வரும் என்று தெரியாது. ‘எதுவா இருந்தா என்னாடி, எல்லாம் நம்மளுதுதானே,’ என்றாள் அம்சவேணி. டீக்கடையில் முனிரத்தினம் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார், வரிசையில் நின்ற ஊர்க்காரர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள், அன்றைக்குத்தான் முதல்தடவையாக அந்தத் தண்ணீரை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

ஹாலுக்குள் போனோம். உட்கார்ந்தோம். பட்டையைக் கட்டவில்லை, அயர்னைத் தொடவில்லை. எல்லா பெஞ்சிலும் சிவப்பு விளக்கு எரிந்தது.

முகுந்தன் சார் ஓடிவந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் ஜோதிமணி எழுந்தாள், கடைசி பெஞ்சுக்காரியின் பாத்ரூம் கோபத்தைப் பேசினாள். கடைசி பெஞ்சுக்காரி எழுந்து யாருடைய ஓவர்டைமையோ கேட்டாள். பேசினால் பக்கத்து பெஞ்சுக்குக்கூடக் கேட்காத ஒருத்தி, திருமணமே ஆகாதவள், ‘எம் புள்ளைக்குக் காய்ச்சல்னு லீவு கேட்டேனே, குடுத்தியாடா?’ என்று மேஜையை அறைந்தாள், அந்தப் பிள்ளையைப் பெற்றவள் நாலு பெஞ்சு தள்ளி உட்கார்ந்து தேம்பினாள். தனக்காகக் கத்தியிருந்தால் இடையில் வெட்கம் வந்திருக்கும், பயம் வந்திருக்கும், வீட்டு வாடகை ஞாபகம் வந்திருக்கும். இன்னொருத்திக்காகக் கத்துகிற தொண்டைக்கு அந்தத் தடை எதுவும் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சுவரில் மாட்டியிருந்த பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது.

‘பட்டையைப் போடுங்க!’ என்று அலறினார் முகுந்தன் சார். ‘முதல்ல எல்லாரும் பட்டையைப் போடுங்க, அப்புறம் பேசலாம்!’

அம்சவேணி எங்களைப் பார்த்தாள். பட்டையை எடுத்துக் கட்டினாள். நாங்களும் கட்டினோம். சிவப்பு விளக்குகள் பச்சையாகின. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, எறும்பு ஊர்ந்து முடிகிற நேரத்துக்காகக் காத்திருந்தார். ஊரவில்லை. ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. வாங்கி வாங்கி அலுத்த மண் அன்றைக்கு வாங்க மாட்டேன் என்றது. நாங்கள் பட்டையோடு நின்று பட்டை இல்லாதவர்களைப் போலக் கத்தினோம்.

‘எர்த் போயிடுச்சு,’ என்றான் லைன் லீடர், பயந்துபோய்.

‘எர்த்தெல்லாம் நல்லாத்தான் இருக்கு! இங்க பாருங்க!’ என்று சொல்லிக்கொண்டே முகுந்தன் சார், பக்கத்தில் காலியாக இருந்த பெஞ்சில் தொங்கிய பட்டையை எடுத்துத் தன் மணிக்கட்டில் இறுக்கினார். அது பவானியின் பெஞ்சு.

இறங்கவேண்டியது ஏறியது. கம்பிச் சுருள் ஒரு முறை துடித்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவர் முகம் வெளுத்தது, தோள் சுருங்கியது, கண் ஒரு பெண்ணின் கண்ணாகத் தாழ்ந்தது. பேசினபோது குரல் அவருடையதுதான், பேச்சு அவருடையது இல்லை. இத்தனை மாதம் பவானி யாரிடமும் சொல்லாதது, ஒரே அறையில் படுத்துக்கொண்டு அம்சவேணியிடம்கூடச் சொல்லாதது.

‘சார்,’ என்றார் முகுந்தன் சார், அம்சவேணியைப் பார்த்து. ‘சார், மூச்சு முட்டுது சார். ராத்திரி படுக்க முடியல சார். ஃபேனைப் போடச் சொல்லுங்க சார். என்னை அந்த ஆளுகூட அனுப்பாதீங்க சார். என்னை அவன் பார்க்கிற பார்வையே நல்லா இல்ல சார். உங்களுக்கும் பொண்ணு இருக்குதே சார்.’

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பதிலுக்காக நின்றார். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள், தெரிந்தது. எங்களில் சிலருக்கு அவரைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. அம்சவேணிக்கு இல்லை. அவள் பெஞ்சைச் சுற்றிக்கொண்டு வந்து அவருக்கு எதிரே நின்றாள், அவர் வழுக்கைத் தலையை நிதானமாகப் பார்த்தாள், அப்போது அவள் தொண்டையில் ஏறியது அவளுடைய சொந்தக் கோபம், மண்ணிலிருந்து வந்தது இல்லை, அன்றைக்குப் புதிதாக அவளுக்குள் ஊறியது.

‘சாம்பிராணிப் புகைதானே சார்,’ என்றாள். ‘கூந்தலுக்கு ரொம்ப நல்லது.’

அவர் அழுதார். பட்டையைக் கழற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. பட்டையோடே போனை எடுத்து மேலிடத்துக்குப் போட்டார். ‘ஃபேன் ஓடுற வரைக்கும் நாங்க யாரும் அயர்னைத் தொட மாட்டோம் சார்,’ என்றார். ‘நாங்க’ என்றுதான் சொன்னார். அடுத்தது கேட்டுக்குப் போட்டு, பவானியை உள்ளே அனுப்பச் சொன்னார், அந்த ஆளை வெளியே அனுப்பச் சொன்னார். மாமன் பைக்கைத் திருப்பிக்கொண்டு போகும்போது டீக்கடையில் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டானாம். முனிரத்தினம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் தன்னையே திட்டிக்கொண்டு போயிருப்பான்.

ஃபேன்கள் வந்தன. பட்டையைக் கழற்றிய பிறகு முகுந்தன் சார் அன்றைக்கு நடந்த எதுவும் நினைவில்லை என்றார், நினைவிருந்தது என்பது அவர் எங்கள் ஹாலுக்குள் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு வருவதிலிருந்து தெரிந்தது. பழைய குழி ரிப்பேர் என்று எழுதி, புதுக்குழி தோண்டத் தயாளனைக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை உப்பைக் குறைக்கச் சொல்லி உத்தரவு.

தயாளன் கம்பி பார்க்க எங்கள் பெஞ்சுப் பக்கம் வந்தார். ‘உப்புக் குறைஞ்சா மண்ணு ஒண்ணத்துக்கும் ஆவாதும்மா,’ என்று தனக்குத்தானே முனகிக்கொண்டார். ‘கொஞ்சமாப் போடுன்றார். எவ்ளோ போடுறதுன்னே தெரியல.’

பவானி ஒரு சில்லைத் தூக்கிக்கொண்டிருந்தாள். மூச்சை அடக்கி, வைத்து, தொட்டு, எடுத்து, அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தாள். இன்னும் இழுக்கத்தான் செய்தது, டாக்டர் அது அப்படியேதான் இருக்கும் என்று சொல்லியிருந்தார். அவள் கைக்குட்டை முனையை அவிழ்த்து, கேண்டீன் சாம்பாருக்கு என்று முடிந்துவைத்திருந்ததை அப்படியே அவர் உள்ளங்கையில் கொட்டினாள்.

‘இதையும் சேர்த்துப் போடுங்கண்ணா,’ என்றாள்.

அம்சவேணி எழுந்து தன் முடிச்சை அவிழ்த்தாள். பிறகு ஜோதிமணி அவிழ்த்தாள், பிறகு நாங்கள்.